சட்டைப்பையில் போகும் பைனாகுலர்

போன அத்தியாயத்தில் 8×42-இன் அருமை பெருமைகளை விலாவாரியாகப் பேசினோம். அந்த முக்கால் கிலோ கண்ணாடி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? என்னுடையது பீரோவில் இருக்கிறது. வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ கிளம்பினால்தான் அது வெளியே வரும். பறவைகளோ நம் பயணத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பால் வாங்கப் போகிற வழியில் மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். ரயிலுக்குக் காத்து நிற்கும்போது செல்போன் கோபுரத்து உச்சியில் ஒரு வல்லூறு எதையோ கிழித்துத் தின்றுகொண்டிருக்கும். மாடிக்குத் துணி எடுக்கப் போனால் எதிர்வீட்டு முருங்கையில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். கீழே இறங்கி, பீரோவைத் திறந்து, உறையைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தால் முருங்கைக் கிளை மட்டும்தான் மிஞ்சும்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட நேரங்களுக்கான பைனாகுலரைப் பற்றியது. முகப்பு லென்ஸ் 20 முதல் 25 மி.மீ. வரை, எடை கால் கிலோவிலிருந்து 350 கிராம் வரை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதிலும் விலை கூடிய ரகத்தைத்தான் ஒப்பிடப் போகிறேன். சுவரோவ்ஸ்கி, ஸைஸ், லைக்கா மூன்றின் உயர்ரகச் சின்னப் பைனாகுலர்களும் ஏறக்குறைய ஸ்கூட்டர் வாங்கும் காசு. "இத்தனூண்டுக்கா இவ்வளவு?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சின்னதுக்கு ஏன் பெரிய விலை

பெரிய பைனாகுலர் ஓரளவு மன்னிக்கும். நிறைய வெளிச்சம் உள்ளே போவதால் வழியில் கொஞ்சம் தொலைந்தாலும் கண்ணுக்கு உறைக்காது. சின்னதில் உள்ளே போவதே சொற்பம். அதில் தொலைவது உடனே தெரியும்.

எங்கே தொலைகிறது? பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழலுக்குள் லென்ஸும் பிரிசமுமாகப் பத்துப் பரப்புகள் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேராது. சேராத வெளிச்சம் சும்மாவும் இருக்காது. உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கச் செய்யும். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு இதற்கு மருந்தானது. இன்றைய நல்ல பைனாகுலர்களில் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்காக அந்தப் பூச்சு இருக்கும்.

இன்னொரு சங்கதி பிரிசம். மடக்கும் பைனாகுலர்களின் குழல்கள் நேராக இருப்பதற்குக் காரணம், கூரை வடிவப் பிரிசம். கூரை என்றால் இரண்டு சரிவு. ஒளி அங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சேரும்போது அலைகள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வருவதால் படத்தின் கூர்மை மழுங்கும். இதைச் சரிசெய்யும் பூச்சை 1988-இல் ஸைஸ் கொண்டுவந்தது, பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். மலிவான சின்னப் பைனாகுலர்களில் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் இதில்தான். காசு போவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சுகளுக்கு.

திருவிழாக் கடையில் லென்ஸ் சிவப்பாக மினுங்கும் பைனாகுலரைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறத்தை அது வெளியே திருப்பி அடிப்பதால்தான் அந்த மினுமினுப்பு. உள்ளே பார்த்தால் உலகம் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கும், செம்பருத்தி வாடியதுபோல் தெரியும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை.

ஒளிப்பொட்டு

பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் லென்ஸில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். அதை இந்த நூலில் ஒளிப்பொட்டு என்று சொல்லிவருகிறோம். முகப்பு லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் விட்டம். 8×42-க்கு ஐந்தேகால் மி.மீ. 8×25-க்கு 3.1, 8×20-க்கு 2.5.

நம் கண்மணி பட்டப்பகலில் இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே உச்சி வெயிலில் 8×20-உம் 8×42-உம் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். சாயங்காலம் கண்மணி விரியும்போது சின்னதன் கை கட்டப்பட்டுவிடும். விற்பவர்கள் இந்த வெளிச்சக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். தினசரிப் பயன்பாட்டில் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஒளிப்பொட்டு சின்னதாக இருந்தால் கண்ணை அதற்கு நேராக நிறுத்துவதே ஒரு வேலை. மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் கருத்துப்போகும். வல்லூறு பறந்துவிடும் என்ற அவசரத்தில் கண்ணில் வைக்கும்போது, படம் உடனே வருகிறதா, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? இந்த ஒரு கேள்விதான் சின்னப் பைனாகுலர்களைப் பிரிக்கிறது. கூர்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த விலையில் கூர்மை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மூன்று பேரும் ஒரு சாயங்காலமும்

தை மாதம் ஒரு நாள், நண்பர்களிடம் கடன் வாங்கிய இரண்டோடு என்னுடையதையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கரணை ஓரம் போய் நின்றேன். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலை சதுப்புநிலத்தை அறுத்துக்கொண்டு போகும் இடம். முதுகுக்குப் பின்னால் லாரி, முகத்துக்கு முன்னால் நாமக்கோழிக் கூட்டம். மணி ஐந்து.

லைக்கா அல்ட்ராவிட் 8×20. மூன்றில் எடை குறைந்தது, சுமார் 240 கிராம். நிஜமாகவே சட்டைப்பையில் போகிற சாமான் இது ஒன்றுதான். நீலத் தாழைக்கோழியின் நெற்றிச் சிவப்பையும் கழுத்து நீலத்தையும் இது காட்டிய விதம் மற்ற இரண்டிலும் இல்லை. நிறம் கெட்டியாக, புதிதாகக் கழுவியதுபோல் இருந்தது. ஆனால் 2.5 மி.மீ. ஒளிப்பொட்டு, கண்ணைச் சுற்றிப் பொருந்தும் ஐகப்பும் சின்னது. ஒவ்வொரு முறை கண்ணில் வைக்கும்போதும் அரை நொடி தடுமாறினேன். 1,000 மீட்டர் தூரத்தில் அது காட்டும் அகலம் 110 மீட்டர்.

ஸைஸ் விக்டரி பாக்கெட் 8×25. எடை 290 கிராம், அகலம் 130 மீட்டர். கீல் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி இருக்கும். கையில் எடுத்ததும் ஏதோ உடைந்துபோனதுபோல் கோணலாகத் தோன்றும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். 20 மீட்டர் கூடுதல் அகலம் என்பது எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. தண்ணீர்மேல் தாழப் பறந்த உள்ளான் கூட்டத்தைத் தொடர்ந்து போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. லைக்காவில் கூட்டத்தின் தலை இருந்தால் வால் இல்லை. இதில் முழுக் கூட்டமும் இருந்தது.

சுவரோவ்ஸ்கி சி.எல். பாக்கெட் 8×25. ஆஸ்திரியாவின் அப்சாம் ஊர்க்காரர்களுடையது. சுமார் 350 கிராம், அகலம் 119 மீட்டர். காகிதத்தில் ஸைஸிடம் எடையிலும் தோற்கிறது, அகலத்திலும் தோற்கிறது. சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும், கால்சட்டைப் பையோ தோள்பையோதான் சரி. இருந்தும் மூன்றில் எதை எடுத்ததும் படம் கண்ணில் வந்து உட்கார்ந்தது என்று கேட்டால் இதுதான். ஐகப் அகலமாகக் கண்குழியில் பொருந்துகிறது. கண்ணைத் தேட வைக்காமல் படம் தானாக எதிரே வந்து நிற்கிறது.

ஆறு மணி ஆனதும் வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கோரைக்குள் கடைசியாக நின்ற ஒரு நத்தைகுத்தி நாரையை மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அலகின் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைக் குறியாக வைத்துக்கொண்டேன். முதலில் லைக்காவில் அது மங்கி அலகு ஒரே கோடானது. மற்ற இரண்டும் இன்னும் சற்றுநேரம் தாக்குப்பிடித்தன. கணக்கும் அதையே சொல்கிறது. 25 மி.மீ. லென்ஸின் பரப்பு 20 மி.மீ. லென்ஸைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். ஸைஸுக்கும் சுவரோவ்ஸ்கிக்கும் வெளிச்சத்தில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதன்பிறகு மூன்றையும் பைக்குள் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

கண்ணாடி போட்டவர்கள் மட்டும்

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண்ணை அதிகபட்சம் எவ்வளவு தள்ளி வைத்தால் முழுப் படம் தெரியும் என்பதைச் சொல்லும் தூரம் அது. லைக்கா 8×20-இல் 15 மி.மீ., ஸைஸில் 16.5, சுவரோவ்ஸ்கியில் 17. நம் கண்ணாடியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எனக்குத் தடித்த கண்ணாடி. லைக்காவில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டது, ஏதோ சாவித்துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல. உங்கள் கண்ணாடி மூக்கோடு ஒட்டி உட்காருமானால் அதே லைக்கா உங்களுக்குப் பழுதில்லாமல் இருக்கலாம். இதைக் கடையில் வைத்துப் பார்க்காமல் முடிவுசெய்ய வழியில்லை. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரம் ஈடுகட்டும். ஆனால் பறவையைத் தேடக் கண்ணாடி, பார்க்கக் கழற்று, மறுபடி மாட்டு என்ற சர்க்கஸ் ஒரு வாரம்கூட ஓடாது.

மற்றவை சில

7×21 அளவில் சுவரோவ்ஸ்கி 2022-இல் கொண்டுவந்த சி.எல். கியூரியோ எனக்குப் பிடித்தமான விசித்திரம். லைக்காவின் எடைதான், 250 கிராம். உருப்பெருக்கம் ஏழுதான் என்பதால் ஒளிப்பொட்டு 3 மி.மீ. இருக்கிறது, அகலம் 135 மீட்டர். கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். "எட்டை விட்டு ஏழா?" என்று தயங்குபவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை என்பது என் துணிபு. எதிர்க்கரையில் நிற்கும் ஆள்காட்டி ஏழிலும் ஆள்காட்டிதான்.

பத்து மடங்குக்காரர்களிடம் இன்னும் கறாராக இருப்பேன். 10×25 என்றால் ஒளிப்பொட்டு 2.5-க்கு இறங்கிவிடும், அகலம் சுருங்கும், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். கால் கிலோ எடைப் பொருளைக் கை ஆடாமல் பிடிப்பது முக்கால் கிலோவைப் பிடிப்பதைவிடக் கடினம். கனமே ஒரு நங்கூரம் இல்லையா? நான் முதலில் வாங்கிய சின்னப் பைனாகுலர் 10×25. பெரிய எண் பெரிய பறவை காட்டும் என்று நினைத்தேன். அது காட்டிய பறவைகள் எல்லாம் குளிர்சுரம் கண்டவைபோல நடுங்கிக்கொண்டிருந்தன.

காசு அவ்வளவு இல்லையென்றால் ஸைஸ் டெரா ஈ.டி. பாக்கெட் 8×25. 310 கிராம், 119 மீட்டர். விக்டரியின் விலையில் பாதிகூட ஆகாது. வெயிலில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். வெள்ளை வானத்தின் முன் கேபிள் வயரில் உட்கார்ந்த காக்கையைப் பாருங்கள். டெராவில் முதுகோரம் மெல்லிய ஊதாக் கோடு ஓடும், விக்டரியில் அது ஏறக்குறைய இருக்காது. அந்தக் கோட்டுக்கு அவ்வளவு காசு தரலாமா என்பது உங்கள் வீட்டு வரவு செலவு. நிக்கானின் 8×20 ஹெச்.ஜி.யும் நல்ல வேலைப்பாடு, பழையது நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

பைனாகுலர் இதுவரை ஒன்றுகூட உங்களிடம் இல்லை, விடிகாலையில் காட்டுக்குள் போய்ப் பறவை பார்ப்பதே நோக்கம் என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு 8×30, 8×32 பக்கம் போங்கள். இங்கே பேசிய சின்னவை இரண்டாவது பைனாகுலர்கள். தினமும் கையில் இருப்பதும் இந்த இரண்டாவதுதான் என்பது வேறு விஷயம்.

கடையில் செய்ய வேண்டியவை

உள்ளே இருக்கும் விளக்குகளின் கீழ் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் இருக்கும். வாசலுக்கு வந்து எதிர்ச்சாரியில் ஒரு பெயர்ப்பலகையைப் பிடியுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் இரண்டு குழல்களையும் விரித்து உங்கள் கண்களின் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகிவிட வேண்டும். லைக்காவிலும் சுவரோவ்ஸ்கியிலும் இரண்டு கீல்கள். இரண்டையும் சமமாக விரிக்கப் பழக வேண்டும், ஆனால் கண் இடைவெளி குறைந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இவை நன்றாக ஒடுங்கிக் கொடுக்கும். அடுத்து வலக்கண் பக்க லென்ஸைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் பலகையின் சின்ன எழுத்தை ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, டயாப்டர் அமைப்பை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். கண்ணை இறுக்கி மூடாமல் லென்ஸை மறைப்பதே நல்லது, மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் "இது கூர்மை இல்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பைனாகுலரை இறக்கிவிட்டு வேறு எதையாவது பாருங்கள். சட்டென்று மறுபடி கண்ணில் வையுங்கள். இப்படிப் பத்து முறை. எத்தனை முறை கருநிழல் குறுக்கிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். விவரப் பட்டியலில் எந்த எண்ணும் இதைச் சொல்லாது. கடைசியாகச் சூரியன் இருக்கும் திசைக்குப் பக்கவாட்டில், சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்காமல், நிழலில் இருக்கும் ஒரு மரத்தைப் பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதியில் பால் ஊற்றியதுபோல் வெளுப்பு பரவினால் அது நல்ல அறிகுறி இல்லை. காலை நடையில் பாதிப் பறவைகள் அந்தத் திசையில்தான் இருக்கும்.

பிடிக்கும் விதமும் உண்டு. கட்டைவிரல்களைக் கன்னத்து எலும்பில் ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் சின்னப் பைனாகுலரும் அடங்கி நிற்கும்.

பூஞ்சை

கடற்கரை ஊர்க்காரர்கள் இதை ஊன்றிப் படிக்கவும். ஒரு ஐப்பசி கார்த்திகை அடைமழை முழுக்க என் பழைய பைனாகுலரைத் தோல் உறைக்குள் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். மார்கழியில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸின் உட்புறம் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. ஊரில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். இழைகளைத் துடைத்தார், கூடவே பூச்சையும் துடைத்துக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தோல் உறையில் பூட்டி வைத்தவன் நான்.

உயர்ரகப் பைனாகுலர்களில் நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்திருப்பதால் உட்புறம் பூஞ்சை வருவது அரிது. வெளிப்பரப்பிலும் ஐகப் இடுக்கிலும் வரும். தோல் உறையை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் ரகம் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். அதைவிட நல்ல மருந்து தினமும் வெளியே எடுத்துப் போவது, காற்றும் வெளிச்சமும் பட்டால் பூஞ்சைக்குப் பிடிக்காது. மெரினா மணலில் திறந்திருந்தால் முதலில் ஊதும் பம்பால் மணலை நீக்கிவிட்டு, பிறகே துணியால் துடைக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைப்பவர்கள் லென்ஸுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார்கள்.

விமான நிலையம், துறைமுகம், கல்பாக்கம் பக்கமெல்லாம் பைனாகுலரை வெளியே எடுக்காதீர்கள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பறவை போய்விடும். அடுக்குமாடிப் பால்கனியில் நிற்கும்போதும் எதிர்வீட்டு சன்னல்களின் உயரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பறவையே இல்லாத நாளுக்கு ஒரு வேலை உண்டு. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, பெரிய லென்ஸ் பக்கம் ஒரு கண்ணை வைத்து, கண் வைக்கும் லென்ஸை ஒரு பொருளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகே கொண்டுபோங்கள். அது நல்ல உருப்பெருக்கி ஆகிவிடும். பஸ் நிறுத்தத்து வேப்பமரத்துப் பட்டையில் ஏறும் கட்டெறும்பின் காலில் இருக்கும் மயிர்வரை தெரியும். எறும்பு ஐகப்புக்குள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருமுறை ஏறி, அடுத்த நாள் என் இமையைக் கடித்திருக்கிறது.